ஒன்பதாம் சட்டம்

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர்.
நான்கு அலுமினியக் குச்சிகள், நடுவே மண்.
இதைச் சட்டம் என்கிறோம்.
உள்ளே இருப்பது கணக்கு.
வெளியே இருப்பது மொராவியா.

ப்ளாஷெனாவை நான் பார்த்ததில்லை.
என்னிடம் வந்தவை அவருடைய பதினொரு நோட்டுகள்,
முழங்காலுக்கு அடியில் போடும் ரப்பர் பலகை,
வயல் மூலையிலிருந்து எந்தத் திசையில்
எத்தனை எட்டு என்ற குறிப்பு.
அவருடைய எட்டு என்னுடையதைவிடச் சிறியது.
முதல் வருடம் முழுக்கத்
தப்பான இடத்தில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்தெட்டு மே. கோதுமை.
முப்பத்து நான்கு பெயர்கள்.
போகப்போகப் பென்சில் மழுங்கி எழுத்து தடிக்கிறது.
ஓரத்தில், சாய்வாக:
முதுகு வலி. பாதிகூட ஆகவில்லை.
பக்கத்தில் வரப்பை உழுகிறார்கள், ஒரே சத்தம்.

அதற்குப் பிறகு வரப்பு என்ற சொல்லே நோட்டில் இல்லை.
நாற்பது வீட்டு நிலம் ஒரே நிலமாயிற்று.
எழுபத்தொன்றில் இருபத்திரண்டு பெயர்.
எண்பத்தாறில் பதின்மூன்று.
நடுவில் சில வருடம் பீட்ரூட் போட்டபோது
துத்தியும் மணத்தக்காளியும் புதிதாக வந்து
இரண்டு வரி பிடித்தன.
வந்தவர்களையும் எழுதத்தான் வேண்டும்.

ஊதாப் பூக்காரி ஒருத்தியைப் பற்றி மட்டும்
ஒரு முழுப் பக்கம்.
அவள் விதைக்கு மண்ணில் தூங்கத் தெரியாது,
இரண்டு குளிர்காலம் தாங்காது.
கோதுமை மூட்டைக்குள் கோதுமைபோல உட்கார்ந்திருந்து
விதைப்பவன் கையாலேயே
வருடா வருடம் வயலுக்குள் இறங்கியவள்.
விஷம் அவளைக் கொல்லவில்லை. சல்லடை கொன்றது.
கூட்டுப்பண்ணை வாங்கிய புதுச் சல்லடை,
பச்சைப் பெயின்ட் என்று எழுதியிருக்கிறார்.
அவளை யாரும் வெறுக்கக்கூட இல்லை.

இன்று மே ஏழு.
ஐந்து பெயர்கள்.
சரியாகச் சொன்னால் நான்கரை.
ஆனால் தலைகளை எண்ணினால் இருநூற்றுப் பன்னிரண்டு,
ப்ளாஷெனா எண்ணியதைவிட அதிகம்.
அதில் நூற்றுத் தொண்ணூறு நரிவால்புல்,
எந்த மருந்துக்கும் அசையாத ரகம்.
ஒரே முகம், நூற்றுத் தொண்ணூறு தடவை.
களை போன முகம் என்று சொல்வோமே,
வயலுக்கும் அது பொருந்தும் என்று எழுத ஆசைதான்.
நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

ஹினெக் டிராக்டரை நிறுத்தி இறங்கி வந்தான்.
நிலம் இப்போது அவன் குத்தகை.
"என் தோல்வியை எண்ணுறீங்களா?"
கொஞ்சம் அதையும்தான், என்றேன்.
ஒரு நரிவாலைப் பிடித்து உருவினான்.
"இதுக்கு மட்டும் இந்த வருஷம் நாலு லட்சம் கொருனா.
உங்க பழைய பட்டியல்ல முப்பத்து நாலு இருந்துதே,
அதுல ஒண்ணாவது இப்படி ஆடிச்சா?
அதுல இது இருந்துதா முதல்ல?"

புரட்டினேன்.
இருந்தது. முப்பத்தோராவது வரி.
எண்ணிக்கை: இரண்டு.

வெகுநேரம் அந்த இரண்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.
"அப்பவே அந்தம்மா
பிடுங்கிப் போட்டிருக்கலாம்."

சட்டத்துக்குள் பிடுங்கக் கூடாது, என்றேன்.
சிரித்தானா என்று தெரியவில்லை,
தொப்பி மறைத்துவிட்டது.

அவனிடம் ஒன்று சொல்லவில்லை.
முப்பத்து நான்குக்குக் கீழே
எண் போடாத ஒரு வரி இருக்கிறது,
வெறும் கேள்விக்குறி.
அடுத்த பக்கங்களில் அதற்குப் பதில் இல்லை.
இன்று என் பட்டியலின் கடைசியிலும் அதேதான்.
இரண்டு வித்திலை, நகக்கண் அளவு,
உண்மையான இலை இன்னும் விடவில்லை.
எதுவாகவும் இருக்கலாம்.

வியாழக்கிழமை மருந்தடிப்பான்.
இன்னும் மூன்று ராத்திரி.
அதற்குள் ஓர் இலை விரிந்தால்
பெயர் சொல்லிவிடுவேன்.