கம்பா

ஹீரா,
உன் பெயர் எனக்குக் கடல் வழியாகத்தான் வந்தது.
பிரேயஸ் துறைமுகத்தில் சரக்கு இறங்கும் இரவுகளில்
ஜெறாள்டு போனில் உன் கதை சொல்வான்,
சிக்னல் அறுந்து அறுந்து,
ஒரு சாமிக் குடும்பத்தின் சண்டை முழுக்க.

மழையில் நனைந்த குயிலாய் வந்தானாமே உன்னிடம்.
பாவம் என்று மாரோடு சேர்த்தாயாமே.
என்னிடம் வந்தவன்
இடவப்பாதி மழையில், பிளாஸ்டிக் உறைக்குள்
ஒரு விண்ணப்பத்தோடு வந்தான்.
தலை துவட்டத் துண்டு கொடுத்தேன். அவ்வளவுதான்.
முட்டம் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள்.
தடை சொல்ல ஆளில்லை.
கடல்கூடச் சும்மா கிடந்தது.

குளச்சல் சார்பதிவாளர் அலுவலகத்தில்
இரண்டாம் ஜன்னல் என்னுடையது.
கல்யாணங்களுக்கு எண் போடுகிறவள் நான்;
ஆக, நாம் இருவரும் ஒரே இலாகா.
உன் மயிலின் தோகையில் நூறு கண்.
எங்களுக்கு ஒரே கேமரா,
அதுவும் ஓணத்துக்கு முன்பே கண் மூடிவிட்டது.

செவ்வாய்க்கிழமை, பதினொன்றே கால்.
வேர்க்கிளம்பியிலிருந்து ஒருத்தி. பிரபிஷா. இருபத்துநாலு.
‘எக்கா, சர்டிபிக்கேட் எப்பம் கிட்டும்?
அவிய கப்பல்லேருந்து வாறதுக்கு முன்ன
பேப்பர் எல்லாம் சரியாக்கி வைக்கச் சொன்னாவ.’
மணமகன் பெயர் எழுதும் இடத்தில்
என் ரேஷன் அட்டையில் இருக்கும் பெயர்.
முன்பு திருமணம் ஆனவரா? இல்லை.
அந்த ‘லை’யின் கொம்பை
அவன் எப்போதும் நீட்டித்தான் போடுவான்.

இவளுக்கு ஓலை வாசிக்க எந்தக் கோயிலும் இல்லை.
ஓலை நான்தான்.

நீ என்ன செய்திருப்பாய் என்று தெரியும்.
பசுவாகிப்போன இயோவின் பின்னால் கொடுக்கு ஈயை ஏவி
கடல் கடலாய் ஓடவிட்டாய்.
கலிஸ்டோவுக்குக் கரடித் தோல்.
நிறைமாத லெட்டோவுக்கு
வெயில் படும் எந்த மண்ணிலும் இடம் கிடையாது என்று உத்தரவு.
கேட்டபோது நான் சிரித்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

என்னிடமும் ஒரு ஈ இருந்தது:
‘ஒரு ஒப்பம் குறையுது, அங்க நில்லு.’
ஒரு மணி நேரம் நிற்க வைத்தேன்.
பக்கத்தில் நாற்காலி காலியாகக் கிடந்தது.
இடுப்பில் கை ஊன்றி அவள் திரும்பியபோதுதான் வயிறு தெரிந்தது.
ஐந்து மாதம் இருக்கும்.
விடுப்பில் வந்த நாற்பது நாளில்
ரப்பர் தோட்டம் விலை பேசப் போனது அங்கேதான்.
நாற்காலியைக் காட்ட
அதன் பிறகும் இரண்டு விண்ணப்பம் ஆனது எனக்கு.

பழைய பதிவேட்டை எடுத்து
என் பக்கத்தைத் திறந்து அவள் பக்கம் திருப்பினேன்.
பெயரை விரல் வைத்துப் படித்தாள். தேதியைப் படித்தாள்.
படத்தை நெடுநேரம் பார்த்தாள்;
அதில் அவனுக்கு மீசை இல்லை.
அழவில்லை.
‘தண்ணி இருக்கா எக்கா’ என்றாள்.

ஒரே ஒரு தடவை நீ அவனையே கட்டினாய், ஹீரா.
தூக்கத்தில், நூறு முடிச்சுப் போட்டு.
கூட நின்ற தேவர்கள்
அடுத்த ராஜா யாரென்று அடித்துக்கொள்ள,
நூறு கை உள்ள ஒருவன் வந்து அவிழ்த்துவிட்டான்.
பிறகு நீ வானத்திலிருந்து தொங்கினாய்,
காலில் இரண்டு பட்டடைக்கல்.
இந்தக் கதையை ஜெறாள்டு சொல்லவே இல்லை.
நானே தேடிப் படித்தேன்.

கட்டியது சரி.
ஆனால் யாரைக் கூட்டுச் சேர்த்தாய்?
பசுவிடம் கேட்கவில்லை. கரடியிடம் கேட்கவில்லை.
முட்டத்தில் கரமடி இழுப்பதை நீ பார்த்ததில்லை.
ஒரு கம்பா இந்த முனையில், மறு கம்பா அந்த முனையில்.
ஒரு பக்கம் மட்டும் இழுத்தால்
மடியின் வாய் கோணும்;
மீன் மெல்லத் திரும்பிப் போய்விடும்.

கப்பல் தூத்துக்குடிக்குப் பத்தொன்பதாம் தேதி.
சாப்பாட்டு நேரத்தில் அவள் செய்தி எழுதினாள்,
என் மேசையில், என் தண்ணீர் பாட்டில் பக்கத்தில்.
நான் ஒரு எழுத்துப் பிழை திருத்தினேன்.
எல்லாம் ரெடி. சீக்கிரம் வாங்க.