தலையசைப்பு

அம்மாவிடம் கேட்டேன்.
அது மட்டும் சத்தியம்.
சிந்தாதிரிப்பேட்டை, கூவம் ஓரம், காலை ஒன்பதரை.
ஜேசிபி மூன்றாவது வீட்டுக்கு வந்திருந்தது.
அம்மா தலையில் அரிசி டிரம்.
"ஒரு படம் எடுத்துக்கட்டுமா?"
தலை அசைந்தது.
சம்மதம் என்று குறித்துக்கொண்டேன்.
கனம் ஒரு பக்கம் சாய்ந்தாலும்
தலை அப்படித்தான் அசையும் என்று
அப்போது தோன்றவில்லை.

படத்தில் அம்மா இல்லை.
வலது ஓரம் கண்ணை இழுத்தது, வெட்டிவிட்டேன்.
தலையசைத்தவளை வெளியே விட்டு
கேட்கப்படாதவளை நடுவில் வைத்தேன்:
பியூலா, வயது பதினொன்று, கூவம் கரை.
கையில் ஒரு ரிமோட்.
டிவி முதல் லாரியிலேயே போயிருந்தது.

பெயர் போட்டதில் எனக்குக் கர்வம்.
'குடிசைச் சிறுமி' என்று எழுதுகிறவன் இல்லை நான்.
பெயர் சொல்வதுதான் மரியாதை என்று
மைக் ஒழுங்காக வேலை செய்த ஒரு மேடையில்
பேசியும் இருக்கிறேன்.

பத்து வருடம் கழித்து போன்.
"சார், படம் நல்லாத்தான் இருக்கு.
எங்க ஆபீஸ்ல காபி மெஷின் பக்கத்துல மாட்டியிருக்காங்க.
பெருங்குடி, நாலாவது மாடி."
விற்றது ஞாபகம் வந்தது. தொகையும்.
"நான் மேடவாக்கம்னு சொல்லி வெச்சிருக்கேன் சார்.
பெரும்பாக்கம் போர்டுன்னா ஒரு மாதிரி பாப்பாங்க.
மூஞ்சி மாறிடுச்சு, மூக்கு குத்திக்கிட்டேன், யாருக்கும் தெரியல.
ஆனா பியூலான்னு
அந்த மாடில நான் ஒருத்திதான்."

படத்தையே கழற்றச் சொல்லட்டுமா என்றேன்.
கொஞ்ச நேரம் மெஷின் இரைச்சல்.
"இருக்கட்டும் சார்.
ரிமோட்ட நான்தான் தொலைச்சேன்னு
அம்மா இன்னும் சொல்லுது.
கையிலதானே இருக்கு, பாருங்க.
பேர மட்டும் எடுத்துடுங்க."

கேட்டில் செக்யூரிட்டி
பெயர் கேட்டார், ஊர் கேட்டார்.
யாரைப் பார்க்க என்ற கட்டத்தில்
நிர்வாகம் என்று எழுதினேன்.
"இங்க பாருங்க சார்" என்று அவர் சொல்லி முடிக்குமுன்
கேமரா எடுத்து முடித்திருந்தது.
பாதி திறந்த வாயோடு என் முகம்,
அட்டையில்.
கழுத்தில் மாட்டிக்கொண்டு லிஃப்ட் ஏறினேன்.

நகத்தால் சுரண்டினேன்.
பெயர் சுலபமாக வந்தது, வயதும்.
ஊர் கிழிந்து 'கூவ' என்று நின்றது.
எச்சில் தொட்டுத் தேய்த்தேன்.

கப்போடு நின்ற பையன் கேட்டான்,
"யாரு சார் இந்தப் பொண்ணு?"
அவனுக்குப் பின்னால் வரிசையில் இன்னும் சிலர்.
மூக்குத்தியை நான் தேடவில்லை.

"கேக்கலீங்க" என்றேன்.