சி கேமராவின் கடிகாரம்

மொந்தெவிதேயோவில் ஜூலை.
எடிட்டிங் அறை ஹீட்டரில்
ஒரு கம்பி மட்டும் சிவக்கிறது.
ஐந்து கேமராக்கள், பதினேழு நாள் வெள்ளம்,
இருநூற்றுப் பதினொரு மணி நேரம்.
எல்லாவற்றையும் ஒரே டிஸ்கில் கொட்டிவிட்டுத்
தேடினால் கிடைக்கும் என்கிறார் பெந்தன்கூர்.
கிடைக்கும்.
கடலில் கரைத்த பெருங்காயமும்
மீனைக் கேட்டால் கிடைக்கும்.

எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவன்
துண்டு துண்டாகப் பெயர் வைத்துப் போயிருக்கிறான்:
நல்லது. மிக நல்லது. மிகமிக நல்லது.
ஒன்றுக்கு மட்டும்: ஐயோ.
திறந்து பார்த்தேன்.
லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்த ஒன்பது நிமிட இருட்டு.

ஆகவே முதலிலிருந்து.
முதல் பத்தியில் ஓர் எண்,
ஒன்றுக்கு வந்தது மற்றொன்றுக்கு வரக் கூடாது.
ஐந்து கேமராக்களும்
தலைப்பிள்ளைக்கு 0001 என்றே பெயரிட்டிருந்தன.
பிறகு நாள், நேரம், தெரு, ஆள், ஒலி.
கடைசியில், எதிலும் அடங்காதவற்றுக்கு,
குறிப்பு.

தெருவின் பெயரை ஆளுக்கொரு விதமாய் எழுதியிருந்தார்கள்.
அரை நாள் அந்த ஆற்றங்கரை ஊரில்
மூன்று லவாயேகா தெருக்கள் இருந்தன,
மூன்றிலும் ஒரே நாய் நீந்தியது.

ஒரு கட்டத்தைக் காலியாக விடுவது வேறு,
அதில் 'இல்லை' என்று எழுதுவது வேறு.
காலி என்றால் நான் இன்னும் பார்க்கவில்லை.
இல்லை என்றால்
பார்த்துவிட்டேன்.

மூன்றாம் வாரம் எல்லாவற்றையும்
நேரப்படி வரிசையில் நிற்கச் சொன்னேன்.
நின்றன.
சி கேமரா மட்டும் இரவு எட்டு மணிக்கு
வெயில் காட்டியது.
மே மாதக் கடைசி. இங்கே ஆறுக்கெல்லாம்
கண்ணைக் கட்டும் இருட்டு.

எலியோவுக்கு போன் செய்தேன். சிரித்தான்.
லிஸ்பனில் இருக்கும் தங்கையிடம் இரவல் வாங்கியதாம்.
கடிகாரத்தை அவன் தொடவேயில்லை.

நான்கு மணி நேரத்தைக் கழிக்க
ஒரே ஒரு கட்டளை போதும்.
அழுத்தினேன்.
நானூற்று ஆறு துண்டுகள்
சீட்டுக்கட்டாய்க் கலைந்து
வேறு வேறு பகல்களுக்குள் போய்ச் செருகிக்கொண்டன.

படத்தின் முடிவு ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது.
தகரக் கூரைமேல் ஓர்ஃபிலியா சில்வெய்ரா
போர்வையை அசைக்கிறாள். ஏ கேமரா, பிற்பகல் மூன்றரை.
அடுத்து, தண்ணீரில் ஆரஞ்சுப் படகு.
சி கேமரா, ஆறு பத்து.
எண்ணைப் பார்த்து அடுக்கியிருந்தார் பெந்தன்கூர்.
வெளிச்சத்தைப் பார்த்துக்கொள்ள
கலரிஸ்ட் இருக்கிறார் அல்லவா.

இப்போது படகு இரண்டு பத்துக்கு.
வந்துகொண்டிருந்த படகு
போய்விட்ட படகு.

மாத்தே குடுவையை அவர் கீழே வைத்தார்.
'அப்படியானால் அவளை இறக்கியது யார்?'
கேட்டுப் பார்த்தேன்:
ஆள், ஓர்ஃபிலியா. நேரம், மூன்றரைக்குப் பின்.
விடை: பூஜ்ஜியம் வரிகள்.
'படகு அங்கேயே இருக்கட்டுமே நேலிதா,
யார் கடிகாரம் பார்க்கப் போகிறார்கள்?'
நான் பதில் சொல்லவில்லை.
ஆள் என்ற பத்தி காலியாக இருந்த
முப்பத்தெட்டுத் துண்டுகளை வரவழைத்தேன்.

பஸ் எல்லாம் நின்றுபோன நேரத்தில்
முப்பத்தொன்றாவது.
ஈ கேமரா, மறுநாள் காலை, மிகத் தூரம்.
இடுப்பளவுத் தண்ணீரில் ஒருத்தி நடக்கிறாள்,
மடித்த போர்வை தலைமேல்.
பதினான்கு நொடிகள்.
எலியோ அதற்குள் ஒரு கொக்கிடம் போய்விட்டான்.

'அவள்தானா?' என்றார்.
'தெரியாது' என்றேன்.
இருமுறை ஓட்டினார்.
பிறகு அவரே படகை இழுத்து,
கூரைக்கு முன்னால் வைத்தார்.
முடிவிருந்த இடத்தில் கறுப்பு.

ஆள் என்ற கட்டத்தைக் காலியாகவே விட்டேன்.
குறிப்பில் எழுதினேன்:
முதுகு மட்டும். பச்சைக் கட்டம் போட்ட போர்வை.
ஏ கேமராவில் அது நீலமாய்த் தெரிகிறது.
காலையில் போன் செய்து
நிறம் கேட்க வேண்டும்.