பெருக்கு எண்

ஏகாம்பரகுப்பத்துத் தறித் தெருவில்
எந்தக் கேள்வியையும் கத்தித்தான் கேட்க வேண்டும்.
வீட்டில் எத்தனை பேர்?
நாகபூஷணம்மா விரல் மடக்கினாள்:
தான், சபாபதி, பெரியவள், தணிகைவேலு.
தணிகைவேலு எங்கே?
மேலே என்று கை காட்டினாள்.
வடக்கு அவளுக்கு மேலே.

பட்டாளக் குடியிருப்பில் உறங்குபவன்
என் பட்டியலில் வரமாட்டான்,
கையேட்டில் தெளிவாக இருக்கிறது.
அழித்தேன். டேப்லெட்டில் அழிப்பதற்குச் சத்தமில்லை,
ஆனாலும் பார்த்துவிட்டாள்.
"சோத்துக் கணக்குல வேணாம்.
பேர் கணக்குல இருக்கட்டுமே."

கடந்த ஏழு நாளில்
ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா?
(தூக்கத்திலும் இதைக் கேட்கிறேனாம், வீட்டில் சொல்கிறார்கள்.)
திங்கள் தறி. செவ்வாய் தறி.
புதன் பாவு வரவில்லை, மொதலாளி திருப்பி அனுப்பினார்.
வியாழன் டிவியில் வரைபடம், சிவப்பு அம்புகள்,
கோட்டுப் போட்ட ஒருவர்
எல்லாம் திட்டமிட்டபடி நடக்கிறது என்றார்,
தெலுங்குச் சேனலில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை.
அன்றிலிருந்து அவன் போன் அணைந்திருக்கிறது.
வெள்ளி, சனி, ஞாயிறு
தன் போனைச் சார்ஜில் போட்டு
பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

வேலை தேடினால் 81.
உடம்பு முடியாத கூலிக்கு 98.
உட்கார்ந்திருந்ததற்கு எண் இல்லை.
வீட்டு வேலை, 92 என்று போட்டேன்.
அரிசியாவது களைந்திருப்பாள்தானே.

அடுத்த பகுதி, மருத்துவச் செலவு.
சபாபதிக்கு நெஞ்சில் பஞ்சு.
டாக்டர் வேறு பெயர் எழுதியிருக்கிறார், அவருக்கு அது பஞ்சுதான்.
திருத்தணி அரை மணி தூரம்,
அங்கே போனால் இது ஆந்திரா கார்டு என்கிறார்கள்.
கார்டு செல்லுகிற திருப்பதிக்கு
இரண்டு பஸ், வரிசை, இருவருக்கும் ஒருநாள் கூலி.
"இருமலு எந்த மாநிலம்னு
அதுகிட்ட யாரும் கேக்கல" என்றார்.
சிரித்தோம். அவரும் சிரித்தார்,
அது இருமலாகி நெடுநேரம் போனது.
போக்குவரத்து: நானூற்று அறுபது.
இழந்த கூலிக்கும் ஒரு கட்டம் உண்டு.
குறை சொல்லக் கூடாது, நல்ல படிவம்.

கிளம்பும்போது வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்:
உங்கள் வீடு ஒரு வீடு இல்லையம்மா,
மாதிரியில் விழுந்த வீடு.
நீங்கள் சொன்னதைப் பெருக்கித்தான் டெல்லிக்கு அனுப்புவோம்.
உங்களுக்குப் பின்னால் இரண்டாயிரத்து நூறு வீடு நிற்கும்.
படித்தவர்கள் அதை வைத்துக்கொண்டு
கூலி, மருந்து, சட்டம் எல்லாம் யோசிப்பார்கள்.

பக்கத்து வீட்டுத் தறி ஒரு நிமிடம் நின்றது,
இழை அறுந்திருக்கும்.
அந்த இடைவெளியில் கேட்டாள்:
"ரெண்டாயிரத்து நூறு வீட்லயும்
போன் அணைஞ்சிருக்கா?"

பயிற்சி வகுப்பு மூன்று நாள் நடந்தது.
அதில் இது வரவில்லை.

போன் அடித்தது.
மூவரும் ஒரே சமயம் கை நீட்டினோம், நானும்தான், ஏனென்று தெரியவில்லை.
மொதலாளி. பாவு வந்துவிட்டதாம்.
போனைக் கணவர் மடியில் வைத்துவிட்டு
கொண்டையை முடிந்துகொண்டே நடந்தாள்.

பஸ்ஸில் படிவத்தை ஏற்றப் போனபோது
டேப்லெட் கேட்டது:
உறுப்பினர் நான்கு நீக்கப்படுகிறார். உறுதியா?
உறுதி சொல்லாவிட்டால் இந்த வீடு முடியாது,
முடியாத வீட்டுக்கு எனக்குக் காசு வராது.
பொன்பாடி சாவடியில் லாரிகளுக்குப் பின்னால் நின்றோம்.
கண்டக்டர் இறங்கி டீ குடித்துவிட்டு வந்தார்.
அதுவரை விரலை மேலேயே வைத்திருந்தேன்.
பிறகு, ஆம்.