எழுபத்திரண்டு மணி நேரம்

தேதி அறிவித்த பிற்பகல்
கருங்கல் பேரூராட்சியில் கரண்ட் இல்லை.
செயல் அலுவலர் செல்போன் வெளிச்சத்தில் வாசித்தார்:
அரசுக் கட்டடம் என்றால் இருபத்து நாலு மணி நேரம்,
பஸ் ஸ்டாண்டு, பாலம், மின்கம்பம் நாற்பத்தெட்டு,
தனியார் சுவர் எழுபத்திரண்டு.
பிறகு என்னைப் பார்த்தார்.
பில் கலெக்டரே, உமக்குத்தான்.

வீட்டுவரி கேட்டுப் போனால்
நாயை அவிழ்த்து விடுகிற தெருக்களில்
ஓர் ஏணியோடு போனேன்,
ஒரு வாளிச் சுண்ணாம்போடு,
கொத்துக்கரண்டி பிடித்த ஏசுவடியானோடு.

எதற்கும் இரண்டு படம் வேண்டும்.
இருக்கும்போது ஒன்று, இல்லாதபோது ஒன்று.
இல்லாததை எப்படிப் படமெடுப்பது என்று
பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லவில்லை.
வெள்ளைச் சுவர், வெள்ளைச் சுவர், வெள்ளைச் சுவர்.
எது எந்த வார்டு என்று தெரிய
மூலையில் ஒரு தபால்பெட்டி, ஒரு பலாமரம்,
ஒன்றும் கிடைக்காத இடத்தில்
ஏசுவடியானின் இடது கால்.

மைதாப் பசை காய்ந்தால் சிமென்ட் தோற்கும்.
அவர் நனைத்து, பொறுத்து, நெற்றியிலிருந்து இறக்குவார்.
ஒரு தலைவருக்குள் இன்னொரு தலைவர்,
அவருக்குள் நர்சிங் கல்லூரி அட்மிஷன்,
அதற்கும் உள்ளே கண்ணீர் அஞ்சலி.
அங்கே நிறுத்திக்கொண்டோம்.
அந்த மனிதர் யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை.

சந்திப்பில் நிற்கும் சிலைக்குச் சாக்குக் கட்டினோம்.
விரல் மட்டும் அடங்காமல் வெளியே நின்றது.
அதற்குத் தனியாக ஒரு சாக்கு.

எழுபத்திரண்டு முடிந்தது, வேலை முடியவில்லை.
ராத்திரி ஒட்டினார்கள், பகலில் உரித்தோம்.
சின்னம் ஒதுக்கிய மறுநாள் எங்கள்மேல் புகார்:
சுயேச்சை ஒருவருக்கு வாளி கிடைத்திருக்கிறது,
பேரூராட்சி ஊழியரோ பட்டப்பகலில்
வீதி வீதியாக வாளி காட்டுகிறார்.
ஏசுவடியான் சிரிக்கவில்லை.
மிச்சமிருந்த சாக்கை வாளிக்குச் சுற்றினார்.
பிரஷ்ஷை முக்கும்போது மட்டும் அவிழ்ப்பார்,
இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு.

கருமாவிளைப் புகார் ஆப்பில் வந்தது.
நூறு நிமிடத்துக்குள் தீர்த்தாக வேண்டும்.
அனுமதியில்லாத பேனர், இருபதுக்குப் பத்து.
போய்ப் பார்த்தால் ஞானதீபத்தின் ஆட்டுக்கொட்டில்.
போன தேர்தலின் பிளெக்ஸ் கூரையாகிக் கிடந்தது,
வெள்ளைப் பக்கம் வானத்துக்கு,
கும்பிட்ட கையும் சிரித்த முகமும்
ஐந்து ஆடுகளுக்கு.
யாரோ குனிந்து உள்ளே போய்ப் படமெடுத்திருக்கிறார்கள்.

"அவருக்க முகம் உள்ளதான சாரே இருக்கு.
எனக்க ஆட்டுக்கு ஓட்டு உண்டா?"

தனியார் இடம் என்றால்
எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்றேன்.
படிவத்தை நீட்டினேன், மூன்று நகல்.
அவள் வாங்கவில்லை.
"வெள்ளம் வந்தப்போ எட்டிப் பாக்காத ஆளு.
அவருக்கு நான் எதுக்கு சம்மதம் எழுதணும்?
தார்ப்பாய்க்குத் தாரும், எழுதித் தாறேன்."

அப்படியொரு படிவம் என்னிடம் இல்லை.
மேற்கே தேரியும் ரப்பர் காடும் இருட்டிக்கொண்டு வந்தன.
மிச்சம் இருபத்து மூன்று நிமிடம்.

ஏணியைச் சாய்க்க வேண்டியவர் சாய்க்கவில்லை.
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
தலை குனிந்து கொட்டிலுக்குள் போனார்.
உள்ளே சாக்கு அவிழும் சத்தம்.
பிறகு அண்ணாந்து நின்று
கழுத்து, மோவாய், மீசை, நெற்றி என்று
கீழேயிருந்து மேலே பூசினார்.
சுண்ணாம்பு அவர் காதில் சொட்டியது,
குட்டியொன்றின் முதுகில் சொட்டியது.
இரண்டாவது படத்தின் மூலையில்
அந்தக் குட்டிதான் இருக்கிறது.

தீர்க்கப்பட்டது என்று அழுத்தினேன்.
தொண்ணூற்று ஒன்றாவது நிமிடம்.
செலவை வேட்பாளர் கணக்கில் எழுதச் சொல்கிறது விதி:
சுண்ணாம்பு, அரை வாளி.

மழை கொட்டியது. நாலு பேரும் உள்ளே ஒதுங்கினோம்,
என்னையும் சேர்த்து மூன்று, அந்தக் குட்டி நாலு;
மற்ற ஆடுகள் எங்களுக்கு இடம் தரவில்லை.
கூரை ஒழுகவில்லை.
பிளெக்ஸில் சுண்ணாம்பு நிற்காது,
அது ஏசுவடியானுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
இடி இடித்தபோது ஒரு சில்லு உதிர்ந்து
மேலே ஒரு கண் திறந்தது.
ஞானதீபம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
குட்டியின் முதுகைத் துடைக்க ஆரம்பித்தாள்.