புதுவெள்ளம் என்று ஒரு பொய்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
நான் ஆற்றையே அளந்து போடுகிறவள்.
எர்லிண்டா. இரவுப் பணி. இரண்டாம் மதகு.
ரியோ கிராண்டே இங்கே என் அனுமதியோடு ஓடுகிறது.

இந்த வருடம் மலைகள்
மொட்டைத் தலையோடு மார்ச்சைக் கடந்தன.
மே பதினான்கு, மேலிடத்து உத்தரவு:
வினாடிக்கு ஆயிரத்து நானூறு கன அடி,
மூன்று பகல், மூன்று இரவு.
அதுவரை வாய்க்கால் எதுவும் திறக்கக் கூடாது.
காரணம் என்ற கட்டத்தில் ஒரே சொல்:
மீன்.

வெள்ளிக் கெண்டைப்பொடி. விரல் நீளம் இருந்தால் அதிகம்.
பனி உருகி ஆறு பொங்கினால்தான் முட்டையிடும்.
நாட்காட்டி அதற்குப் பொருட்டல்ல;
வெயிலைக்கூட முழுக்க நம்பாது.
கலங்கல் தண்ணீர் விலாவில் வந்து மோத வேண்டும்.
அதற்குத்தான் நான்.
விழாத பனி உருகிவிட்டதாக
ஒரு பச்சைப் பொத்தானை அழுத்தி
மீனிடம் பொய் சொல்கிறேன்,
மாதச் சம்பளத்துக்கு.

வண்டலையெல்லாம் அணையின் வயிற்றில் விட்டுவிட்டு
கண்ணாடியாக வெளியே வந்தது.
பொய்க்கு நிறம்கூடப் பொருந்தவில்லை.
போகட்டும், போகிற வழியில்
மணலை அள்ளிப் பூசிக்கொள்ளும்.

இரண்டாம் நாள் காலை
எழுபது மைல் ஓட்டி வந்தார் கனுதோ அர்மிஹோ,
என் அக்காள் கணவர்.
பிக்கப்பின் எஞ்சினை நிறுத்தவில்லை.
கம்பிவேலிக்கு அந்தப் பக்கமே நின்றார்.
இருபத்தாறு ஏக்கர் குதிரைமசால்.
அவருடைய முறை செவ்வாய்க்கிழமை.
அந்தச் செவ்வாய்க்கிழமை
என் காலுக்குக் கீழே நுங்கும் நுரையுமாக
ஓடிக்கொண்டிருந்தது.
"எத்தனை மீன்?" என்றார்.
தெரியாது என்றேன்.
"என் மாடு எத்தனை என்று எனக்குத் தெரியும்."
அவ்வளவுதான். வண்டி திரும்பியது.
திட்டியிருக்கலாம்.
ஈஸ்டருக்கு ஒரே தட்டில் ரொட்டி பிய்த்தவர்.

மூன்றாம் நாள் இரவு
வெர்னா ஹோஹோலா, இடுப்பளவு நீரில்
வலைச்சல்லடையோடு நின்று,
ஒரு வீடியோ அனுப்பினாள்.
டார்ச் வெளிச்சம். உள்ளங்கை.
வெந்த ஜவ்வரிசி போல நாலைந்து மணிகள்.
ஒன்றின் உள்ளே
நூலிழை ஒன்று சொடுக்கிற்று.
கீழே ஒரு வார்த்தை:
"நம்பிவிட்டன."

நான் அதைக் கனுதோவுக்கு அனுப்ப
விரலை வைத்தேன். எடுத்துவிட்டேன்.

ஜூலையில் ஆறு அறுந்தது.
சான் அக்காசியாவுக்குக் கீழே
மைல் மைலாக மணல்,
நடுநடுவே தேங்கிய குட்டைகள்,
ஒவ்வொன்றின் கரையிலும் பொறுமையாக ஒரு கொக்கு.
இந்த முட்டைகள் இட்ட இடத்தில் தங்குவதில்லை.
மிதந்துகொண்டே போகும், மிதந்துகொண்டே பொரியும்.
நான் மூன்று நாள் தள்ளிய தண்ணீர்
அவற்றைச் சுமந்து வந்து இறக்கிய இடம்
இதுதான்.
யாரும் என்னிடம் இதைச் சொல்லவில்லை.
வெர்னாவுக்குத் தெரிந்திருக்கிறது.
"மேலே இருந்தால் மட்டும் பிறந்திருக்குமா?" என்றாள்,
வாளியைக் கொடுத்தபடி.

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பது பழைய பேச்சு.
எனக்கு அன்று இரண்டு காலும் சேற்றில்.

குட்டையைக் காட்டிக்கொடுத்தது கனுதோ.
வயலின் பின்கோடியில் இருக்கிறது,
வந்து அள்ளிக்கொண்டு போங்கள்,
செத்தால் நாறும், என்று
காலை ஆறு மணிக்குப் போன் செய்திருக்கிறார்.
முழங்கால் வரை வெட்டியும் வளராத
குதிரைமசாலின் ஓரத்தில் நின்றார்.
என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார்,
அந்நியருக்குத் தொடுவது போல.

நாங்கள் வலையை இழுத்தோம்.
வாளியில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருந்தது.
மேலே, என் மதகுக்குக் கீழே விடுவார்களாம்;
அங்கே இன்று நூற்றெண்பது கன அடி,
நாளைக்கு எவ்வளவென்று
நாளைதான் தெரியும்.

கனுதோ குனிந்தார்.
உதட்டை அசைத்து எண்ணினார்.
முப்பத்தேழு.
வாளியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு
வெயிலில் வெளுத்துப்போன ஒன்றை
நகத்தால் மெல்ல நகர்த்தினார்.

"இதைச் சேர்த்தா," என்று கேட்டார்,
"சேர்க்காமலா?"