ஜீரோ கேட் வரிசையில்

எர்ணாவூரில் நின்றால் எர்ணாவூர்தான்.
மதியம் சாப்பிட்ட டப்பாவை இரவில் கழுவும்போதும்
முன்னால் அதே நாமக்கல் வண்டியின் பின்விளக்கு.
ஜீரோ கேட்டுக்கு இன்னும் எட்டுக் கிலோமீட்டர்.
மாதத்தில் பாதி நாள் நான் டிரைவர் இல்லை,
ஸ்டியரிங்கில் முழங்கையை ஊன்றிய வாசகன்.

போனில் படித்துப் பார்த்தாயிற்று.
வெயிலில் என் மூஞ்சிதான் தெரிகிறது.
சார்ஜ் செத்துப்போனால் ஆபீஸ்காரர்கள்
நானே செத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.
தாள் புத்தகமோ வண்டி மாறும்போதெல்லாம்
டேஷ்போர்டிலேயே தங்கிவிடுகிறது.
கடைசியாகத் தொலைந்தது காட்டுப்பள்ளியில் திரும்பக் கிடைத்தது,
ஓரமெல்லாம் யாரோ எழுதிய டீசல் கணக்கோடு.

கையில் நாலாயிரத்து இருநூறு.
அதில் மூவாயிரம்தான் லிடியாவுக்குத் தெரியும்.

புதிதாக வாங்கினால் விளக்கு இல்லாததுகூட ஆறாயிரத்தைத் தாண்டுகிறது.
மூடி வைத்தால் விளம்பரம் காட்டுவதற்கு ஐந்நூறு குறைவு.
தூங்கும்போதும் எனக்கு ஷாம்பு விற்பதற்கு
அந்த ஐந்நூறு போதாது என்று தோன்றியது.

பர்மா பஜாரில் ஜைனுல் பாய்
துணிப்பையிலிருந்து ஒன்றை எடுத்தார்.
ஆறு அங்குலம், விளக்கு உண்டு, முதுகில் ஒரு கீறல்.
"மூணு எட்நூறு. சார்ஜ் போட்டா மூணு வாரம் நிக்கும்."
"தமிழ் வருமா பாய்?"
"எல்லாம் வரும்."
வந்தது.
கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்,
ஹார்ஸ் கழன்ற ட்ரெய்லர்போலக்
காலை ஊன்றிக்கொண்டு தனியாக நின்றது 'கொ'.
பாய் மருமகனைக் கூப்பிட்டு ஏதோ அப்டேட் போடச் சொன்னார்.
இரண்டு டீ ஆன பிறகு
கொம்பு வந்து கொக்கியில் மாட்டியது.

முன்பு வைத்திருந்தவர் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார்,
ஒரு பக்கத்துக்கு ஒன்பதே வரி.
நூற்றில் எழுபத்தொன்று என்று நின்றிருந்தது அவர் புத்தகம்.
"அழிச்சிடவா?" என்றான் மருமகன்.
என்ன புத்தகம் என்று பார்ப்பதற்குள் அழித்துவிட்டான்.

பிறகு கடை.
பெரிய கடையில் தமிழ் அலமாரி நீளம், விலையும் மலிவு,
மாத வாடகைக்கு எடுத்துப் படிக்கவும் வழி உண்டு.
'வாங்கு' என்றுதான் பொத்தான் சொல்கிறது.
அடியில் எறும்பு எழுத்தில் வேறு சொல்கிறது:
தருவது படிக்க அனுமதி, அதுவும் இந்தக் கணக்கில் மட்டும்.
அடுத்தவன் கருவிக்கு அது போகாது.

எனக்கா இது புரியாது?
பதினோரு வருடமாக சீல் வைத்த பெட்டி இழுக்கிறேன்.
எண் தெரியும், எடை தெரியும்,
வளைவில் எந்தப் பக்கம் சாயும் என்றும் தெரியும்.
உள்ளே இருப்பது என்னுடையது என்று
ஒருநாளும் சொன்னதில்லை.

சின்னக் கடை ஒன்றும் இருக்கிறது.
சீல் இல்லை, வயரில் ஏற்றிக்கொள்ளலாம்,
யாருக்கும் தரலாம், கருவி செத்தாலும் புத்தகம் சாகாது.
ஆனால் தமிழில் மொத்தம் அறுபது சொச்சம்.
அதில் பாதி ஜாதகமும் குழம்பும்.

இப்படி முடிவெடுத்தேன்:
படித்துவிட்டு மறப்பதைப் பெரிய கடையில்,
வீட்டில் வைக்க வேண்டியதைச் சின்னக் கடையில்.
தார்ப்பாய் கட்டினமாதிரி கச்சிதமான முடிவு.
முதல் வாரமே அவிழ்ந்தது.

பெரிய கடையில் இருபத்தொன்பது ரூபாய்க்கு
ஒரு கொலைக் கதை வாங்கினேன்.
சோறு போடுகிற நேரத்தில் லிடியா எடுத்து
இரண்டு பக்கம் புரட்டினாள்.
அவள் போனுக்கு அனுப்பலாம் என்றால்
என் கணக்கு கேட்கிறது, கடவுச்சொல் கேட்கிறது,
அந்தக் கணக்கில் மீதி ஆயிரத்து இருநூறின் கதையும் இருக்கிறது.
"கருவியே இருக்கட்டும்" என்றேன்.

இன்று ஆறாவது நாள்.
எர்ணாவூரில் நின்றால் எர்ணாவூர்தான்.
மணலிப் பக்கமிருந்து காற்று கேஸ் வாடையோடு வருகிறது.
முன்னால் ஒரு பெட்டி.
பதினொரு எழுத்தும் எண்ணும், அதற்குக் கீழே எடை.
நாலு முறை படித்துவிட்டேன்.

பத்தரைக்கு மெசேஜ்:
"எழுபத்தொன்னுல இருக்கேன்.
யார்னு தெரிஞ்சிபோச்சி.
சொல்லட்டா?"

வரிசை நகர்ந்தது, இரண்டு வண்டி நீளம்.